மனச்சோர்வு போடும் தப்புக் கணக்கு

இதைப் படிக்கிற நேரத்தில் உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால், மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம். முதலில் 14416 என்ற எண்ணை அழையுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனைச் சேவை அது. கட்டணம் இல்லை, எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணும் இருக்கிறது. சென்னையில் 1986 முதல் இயங்கிவரும் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. இலங்கையில் இருப்பவர்கள் 1926-ஐ அழைக்கலாம்.

மனச்சோர்வு வந்தவர்களில் பெரும்பாலானோர் தற்கொலை செய்துகொள்வதில்லை. அப்படியானால் சிலரை மட்டும் விளிம்புவரை கொண்டுபோவது எது? அந்த விளிம்புவரை போய்த் திரும்பிய எனக்கு இந்தக் கேள்வி வெறும் ஆர்வத்தால் வந்தது இல்லை. சோகம் முற்றினால் சாவு எண்ணம் வரும் என்றுதான் பலரைப் போல நானும் நம்பியிருந்தேன். சிகிச்சையில் தெரிந்துகொண்டது வேறு. சோகம் என்ற பெரிய மூட்டைக்குள் குறிப்பிட்ட சில எண்ணங்கள் இருக்கின்றன. ஆபத்து அவற்றில் இருக்கிறது. அவற்றைத் தனித்தனியாக அடையாளம் காணலாம். ஒவ்வொன்றுக்கும் தனியாக வேலை செய்யலாம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கையின்படி இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தனர். காரணங்களின் பட்டியலில் ‘குடும்பப் பிரச்சினைகள்’ 31.7 சதவீதம், ‘நோய்’ 18.4 சதவீதம். காவல் நிலையத்தில் எழுதப்படும் ஒற்றைவரிக் காரணங்கள் இவை. இந்தப் பட்டியலில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே அளவு கடன் உள்ள இரண்டு பேரில் ஒருவர் இறக்கிறார், இன்னொருவர் வட்டி கட்டிக்கொண்டு வாழ்கிறார் என்றால், வித்தியாசம் கடனில் இருக்க முடியாது. என் பெயர் அந்தப் பட்டியலில் சேர்ந்திருந்தால் காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருப்பார்கள்? எனக்குக் கடன் கிடையாது. வீட்டில் சண்டை கிடையாது. ராஜபாளையத்தில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் ஆலையில் கணக்காளர் வேலை, தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் மனைவி, ஒன்பதாம் வகுப்பில் ஒரு மகள், சொந்த வீடு. “உனக்கு என்ன குறை?” என்று கேட்டவர்கள் யாரும் பொய்யாகக் கேட்கவில்லை.

நோய் வயிற்றில்தான் தொடங்கியது. சாப்பாடு இறங்கவில்லை, நெஞ்சில் எரிச்சல், உடல் முழுவதும் வலி. விடிய மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். அதற்குமேல் தூக்கம் கிடையாது. விடியும் வேளைதான் நாளின் மிகக் கனமான பகுதி. மாலையானால் கொஞ்சம் இலகுவாகும். இந்தக் காலைக் கனமும் அதிகாலை விழிப்பும் கடுமையான மனச்சோர்வின் அடையாளங்கள் என்று அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. வயிற்றுக்கு மாத்திரை, தைராய்டு பரிசோதனை, கோவிலில் மந்திரித்த கயிறு என்று மாதங்கள் ஓடின. ஆலையில் வரவு செலவைச் சரிபார்க்க முன்பு ஒருமுறை பார்த்தால் போதும். அப்போதோ அதே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்கள் கண்ணில் பட்டன, தலைக்குள் போகவில்லை.

இந்தக் காலத்தில்தான் இரவு நேரத்தில் இன்னொரு கணக்கு தொடங்கியது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது கடைசிவரை தெரியாது.

மனைவியின் சம்பளம் இவ்வளவு. என் மருத்துவச் செலவு இவ்வளவு. நான் விடுப்பு எடுப்பதால் வெட்டுப்படும் சம்பளம் இவ்வளவு. என் முகத்தைப் பார்த்துப் பார்த்து மகள் சிரிப்பதைக் குறைத்துக்கொண்டாள். அது ஒரு செலவு. என்னைக் கவனிப்பதால் மனைவிக்குத் தூக்கம் இல்லை, அதுவும் செலவு. வரவுப் பக்கத்தில் எழுத ஒன்றுமே இல்லை. கடைசியில் வந்து நின்ற விடை, நான் இல்லாவிட்டால் இவர்கள் நன்றாக இருப்பார்கள் என்பது. அழுதுகொண்டு வந்து சேர்ந்த முடிவு என்று நினைக்க வேண்டாம். மிகவும் நிதானமாக, ஒரு பொறுப்புள்ள குடும்பத் தலைவன் எடுக்கும் முடிவுபோல வந்தது. அந்த நிதானத்தைத்தான் இப்போது நினைத்தாலும் எனக்குப் பயமாக இருக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் தாமஸ் ஜாய்னர் 2005-இல் முன்வைத்த கோட்பாட்டில் இந்த எண்ணத்துக்கு முக்கியமான இடம் உண்டு. அவருடைய தந்தையே தற்கொலையால் இறந்தவர். தான் மற்றவர்களுக்குச் சுமை என்ற நினைப்பு, தனக்கு யாரோடும் ஒட்டு இல்லை என்ற நினைப்பு, இவை இரண்டும் ஒன்றுசேரும்போது சாவதற்கான விருப்பம் பிறக்கிறது என்கிறார். அது செயலாக மாறுவதற்கு மூன்றாவது ஒன்று வேண்டும்: வலியின்மீதும் சாவின்மீதும் உள்ள இயல்பான அச்சம் தேய்ந்துபோயிருப்பது. முன்பு ஒருமுறை முயன்றவர்களுக்கு அந்த அச்சம் குறைந்திருக்கலாம். அதனால், “ஒருமுறை பட்டவன் இனிச் செய்யமாட்டான்” என்று குடும்பத்தார் ஆறுதல் அடைவது தவறு. முன்பு நடந்த முயற்சி மிகப் பெரிய எச்சரிக்கைகளில் ஒன்று.

மதுரையில் நான் பார்த்த உளவியலாளர் என் கணக்கை மறுக்கவில்லை. காகிதத்தில் எழுதச் சொன்னார். எழுதினேன். “கணக்காளர் நீங்கள். இந்தப் பேரேட்டைத் தணிக்கைக்குக் கொடுத்தால் என்ன சொல்வார்கள்?” என்று கேட்டார். நோயில் விழுந்த சில மாதங்களை வைத்து மீதி ஆயுளுக்கும் கணக்குப் போட்டிருந்தேன். வரவுப் பக்கத்தை எழுதியது நோய். எழுதவேண்டியவர்களிடம் கேட்கவே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நான் இல்லாமல் போவதால் வரும் செலவு என்ற தலைப்பே அதில் இல்லை. ஒரே நாளில் அந்த எண்ணம் போய்விடவில்லை. ஆனால் முதல்முறையாக அது முடிந்த கணக்காகத் தெரியாமல், சரிபார்க்கவேண்டிய கணக்காகத் தெரிந்தது.

உறவினர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. “எங்களுக்காகவாவது இருக்கக் கூடாதா?” என்பதை அன்பால்தான் சொல்கிறார்கள். ஆனால் சுமை என்ற நினைப்பில் இருப்பவன் காதில் அது, “பார், எங்களை எவ்வளவு வருத்துகிறாய்” என்றே விழும். செலவுப் பக்கத்தில் இன்னும் ஒரு வரி கூடும். “நாங்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறோம், நீ சும்மா ஓய்வெடு” என்பதும் அப்படித்தான்: நான் இல்லாமலே எல்லாம் நடக்கிறது என்பதற்கு அதுவே சாட்சியாகிவிடும். என் மனைவி செய்தது வேறு. மாலை டியூஷன் முடிந்து மகளைக் கூட்டிவரும் வேலையை எனக்குக் கொடுத்தார். தலை சீவாமல் போனாலும் பரவாயில்லை, போகவேண்டும். மின்கட்டணம் கட்டுவது, மகளின் பள்ளி நோட்டுகளுக்கு அட்டை போடுவது. சின்ன வேலைகள், ஆனால் நான் செய்யாவிட்டால் உண்மையிலேயே நடக்காமல் போகக்கூடியவை. பொழுதுபோக்குக்காகக் கொடுத்த வேலை என்று தெரிந்திருந்தால் அது வேலை செய்திருக்காது. நோயாளிக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இரண்டாவது விஷயம், எதிர்காலம்.

“இந்த வருடம் சாரலுக்குக் குற்றாலம் போவோமா அப்பா?” என்று மகள் கேட்டாள். எங்கள் ஊரிலிருந்து காலையில் கிளம்பிக் குளித்துவிட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். ஒவ்வொரு ஆண்டும் போகிற இடம். எனக்குப் பதில் வரவில்லை. போக விருப்பமில்லை என்பது காரணமில்லை. ஜூன், ஜூலை என்ற மாதங்கள் எனக்கு இருப்பதாகவே தோன்றவில்லை. அங்கே நான் நிற்பதுபோல மனத்தில் ஒரு காட்சியை வரவழைக்கப் பார்த்தேன், வரவில்லை.

மனச்சோர்வு ஆய்வில் பெரிய பெயரான ஆரோன் பெக் 1985-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தற்கொலை எண்ணத்துடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 207 பேரை 5 முதல் 10 ஆண்டுகள்வரை தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 14 பேர் தற்கொலையால் இறந்தார்கள். யார் அந்த நிலைக்குப் போவார்கள் என்பதை மனச்சோர்வு எவ்வளவு கடுமை என்ற அளவு காட்டிக்கொடுக்கவில்லை. எதிர்காலத்தைப் பற்றிய நம்பிக்கையின்மை எவ்வளவு என்ற அளவு காட்டிக்கொடுத்தது. எவ்வளவு அழுகிறார் என்று பார்ப்பதைவிட, அடுத்த மாதத்தைப் பற்றி எப்படிப் பேசுகிறார் என்று கேட்பது நல்லது என்று நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

இதோடு சேர்ந்த இன்னொன்று நினைவு. உளவியலாளர் ஒருநாள், மகிழ்ச்சியாக இருந்த ஒரு நிகழ்வைச் சொல்லுங்கள் என்றார். “சின்ன வயதில் நன்றாக இருந்தோம்” என்றேன். எந்த நாள், எந்த இடம், யார் இருந்தார்கள் என்று கேட்டார். சொல்ல முடியவில்லை. என் திருமணமே எனக்கு ஒரு தகவலாகத்தான் நினைவிருந்தது. மார்க் வில்லியம்ஸ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1986-லேயே இதைக் கண்டிருக்கிறார்: தற்கொலைக்கு முயன்றவர்களிடம் குறிப்பிட்ட ஒரு நினைவைக் கேட்டால், பொதுவான ஒரு வரிதான் பதிலாக வருகிறது. இது வெறும் மறதி சம்பந்தப்பட்டது இல்லை. ஒரு சிக்கலில் மாட்டும்போது நாம், “முன்பு இப்படி ஒரு முறை நடந்தது, அப்போது இன்னாரிடம் போய்க் கேட்டோம்” என்று பழைய நிகழ்வின் விவரத்திலிருந்துதான் வழியைக் கண்டுபிடிக்கிறோம். விவரங்கள் இல்லையென்றால் வழிகளும் இல்லை. அதனால்தான், “எல்லாம் சரியாகிவிடும்” என்ற வாக்கியம் என்னைத் தொடவே இல்லை. அதிலும் விவரம் இல்லை. என் அண்ணன் அப்படிப் பேசமாட்டார். “வியாழக்கிழமை தேங்காய் வெட்டு, ஆள் கூலியை எழுத நீ வரவேண்டும்” என்பார். வியாழக்கிழமைவரை எனக்கு ஓர் எதிர்காலம் இருந்தது. அந்த அளவு போதும்.

லாஸ் ஏஞ்சலீஸில் 1958-இல் தற்கொலைத் தடுப்பு மையம் ஒன்றைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட்வின் ஷ்னைட்மன், தற்கொலை மனநிலையில் இரண்டு விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டினார். ஒன்று, பார்வை குறுகிப்போவது. மனம் தாங்க முடியாத வலி ஒரு பக்கம், சாவு மறுபக்கம். நடுவில் இருக்கும் பத்து வழிகள் கண்ணில் படாது. ஆலையில் நீண்ட விடுப்பு கேட்கலாம் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை என்றால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். இன்னொன்று, இரட்டை மனம். சாக விரும்பும் அதே மனத்தில் வாழ விரும்பும் பகுதியும் கடைசிவரை இருக்கிறது. என் விஷயத்தில் இது நூற்றுக்கு நூறு உண்மை. சாவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த அதே வாரத்தில் மூக்குக் கண்ணாடிக்குப் புதிய சட்டம் வாங்க ஆர்டர் கொடுத்தேன்!

இரட்டை மனம் இருப்பதால்தான் தாமதம் உயிர்காக்கிறது. அந்த உந்துதல் ஒரே அளவில் நாள் முழுவதும் இருப்பதில்லை. ஏறும், உச்சத்துக்குப் போகும், இறங்கும். உச்சத்தில் இருக்கும் நேரத்தில் ஆபத்தான பொருள் எதுவும் கைக்கெட்டாமல் இருந்தால் பலர் அதைக் கடந்துவிடுகிறார்கள். சினேகா அமைப்பினர் கடலூர் மாவட்டக் கிராமங்களில் ஒரு முயற்சி செய்து பார்த்தார்கள். விவசாயிகள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், ஊருக்குப் பொதுவான ஓர் இடத்தில் பூட்டுள்ள பெட்டகங்களில் வைக்க ஏற்பாடு. மருந்து அவரவருடையதுதான், போய் எடுத்துவர வேண்டும் என்ற தூரம் மட்டும் நடுவில் வந்தது. இலங்கையில் கொடிய பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்த பிறகு, 1990-களின் நடுவில் உலகிலேயே மிக அதிகமான அளவுகளில் ஒன்றாக இருந்த தற்கொலை விகிதம் அடுத்த இருபது ஆண்டுகளில் பெருமளவு இறங்கியது. அங்கே மனிதர்களின் துன்பம் அதே அளவுக்குக் குறைந்துவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

எங்கள் வீட்டிலும் அதையே செய்தார்கள். தோட்டத்து வீட்டில் இருந்த ஆபத்தான பொருள்களை எல்லாம் அண்ணன் அகற்றிவிட்டார். அம்மாவின் மாத்திரைகளும் என்னுடையவையும் மனைவியின் பூட்டிய அலமாரிக்குப் போயின. மருத்துவரும் ஒரு நேரத்தில் குறைந்த நாட்களுக்கே மாத்திரை எழுதிக்கொடுத்தார். எனக்கு அவமானமாக இருந்தது, உண்மைதான். மனைவி, “சர்க்கரை நோய் வந்தவர் வீட்டில் லட்டு டப்பாவை எதிரில் வைப்போமா?” என்று கேட்டுவிட்டுப் பூட்டினார். அதற்குமேல் விவாதம் இல்லை.

இவ்வளவும் நடந்தது என் மதினி கேட்ட ஒரு கேள்வியால். அதற்கு முன்பு எல்லோருக்கும் சந்தேகம் இருந்திருக்கிறது, யாரும் கேட்கவில்லை. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம். மதினி தோட்டத்து வீட்டில் புளி உடைத்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

“தம்பி, ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?”

“ஆமாம் மதினி.”

அவர் அலறவில்லை. கையில் இருந்த புளியைக் கீழே வைத்தார். “இன்றைக்கும் தோன்றியதா? எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்டார். சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “இதை என்னால் ரகசியமாக வைத்துக்கொள்ள முடியாது. அண்ணனிடமும் அவளிடமும் சொல்லப்போகிறேன். நாளைக்கே மதுரைக்குப் போகிறோம்” என்றார். அன்று இரவு என்னைத் தனியாக விடவில்லை.

நேரடியாகக் கேட்பதால் தற்கொலை எண்ணம் உண்டாவதில்லை, கூடுவதும் இல்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. உள்ளே இருந்தவனாக நானும் சொல்கிறேன்: அந்தக் கேள்வியால் மாதக்கணக்கில் அடைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. “ஏதாவது தப்பாக யோசிக்கவில்லையே?” என்று கேட்பவர்களும் உண்டு, இல்லை என்ற பதிலை அவர்களே கையில் கொடுத்துவிடுகிறார்கள். மதினி அப்படிக் கேட்கவில்லை. நான் சொன்னதோடு அவர் வாதம் செய்யவும் இல்லை. பிள்ளையை நினைத்துப் பார், பாவம், கோழைத்தனம் என்ற எதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை. இப்படிப் பேச எங்கே கற்றீர்கள் என்று பிற்பாடு கேட்டேன். “எங்கேயும் கற்கவில்லை. பயமாக இருந்தது, கேட்டேன்” என்றார்.

மதுரையில் மருத்துவரின் அறைக்கு வெளியே ஒரு படிவம் கொடுத்தார்கள். கடந்த 2 வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள். தூக்கம், பசி, கவனம் என்று போய் ஒன்பதாவது கேள்வி, இறந்துவிட்டால் நல்லது என்ற எண்ணம் எத்தனை நாள் வந்தது என்பது. உலகம் முழுவதும் பயன்படும் பிஎச்க்யூ-9 என்ற படிவம் அது. பலர் அந்த ஒன்பதாவது கட்டத்தில் பூஜ்யம் போட்டுவிடுகிறார்கள் என்று மருத்துவர் சொன்னார். காரணம் வெட்கம், அதைவிட, போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயம். என் அண்ணனுக்கே அந்தப் பயம் இருந்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது அரசின் கடமை என்றும் சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பழைய 309-ஆவது பிரிவு, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை. இனியும் இந்தப் பயத்தால் மருத்துவமனைக்குப் போகாமல் இருப்பவர்கள் இருந்தால் இதை எடுத்துச் சொல்லுங்கள். எண்ணம் மட்டும் வந்தவருக்கு எந்தக் காலத்திலும் எந்த வழக்கும் கிடையாது.

சிகிச்சையின் முதல் வாரங்களைப் பற்றி மருத்துவர் வீட்டாரைத் தனியாக அழைத்து எச்சரித்தார். மாத்திரை வேலை செய்ய பொதுவாக 2 முதல் 4 வாரங்கள், சிலருக்கு இன்னும் கூடுதலாகவும் ஆகும். அதில் உடலின் தெம்பு முதலில் திரும்பலாம், நம்பிக்கை பிந்தி வரலாம். படுத்தே கிடந்தவன் எழுந்து நடக்கிறான் என்று வீடு நிம்மதி அடையும் நேரத்தில், உள்ளே பழைய எண்ணம் அப்படியே இருக்கலாம். 25 வயதுக்கு உட்பட்டவர்களிடம் மருந்து தொடங்கும்போது இன்னும் நெருக்கமாகக் கவனிக்கச் சொல்கிறார்கள். அதற்காக மருந்தே வேண்டாம் என்று முடிவெடுப்பது பேதைமை, கவனிக்கத்தான் சொல்கிறார்கள். மருத்துவமனையில் சேர்ந்து வீடு திரும்பிய முதல் வாரங்களும் இதே மாதிரி ஆபத்தானவை. நெடுநாள் தவித்தவர் திடீரென்று அமைதியாகி, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, பொருள்களைப் பங்கிட்டு, விடைபெறுவதுபோலப் பேசினால் அதைக் குணமானதற்கு அடையாளம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் அனுபவத்தில், அசையாமல் கிடந்த நாட்களைவிட உட்கார முடியாமல் தவித்த நாட்கள்தான் மோசம். கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பேன். தூக்கம் இல்லாத இரவுகள் தொடர்ந்தால் தவிப்பு கூடும். தவிப்பு கூடினால் அந்தக் கணக்கு தொடங்கிவிடும். இதை மருத்துவரிடம் சொன்ன பிறகு அவர் முதலில் கைவைத்தது தூக்கத்தில். தொடர்ந்து சில இரவுகள் தூங்கியதும் உலகம் ஒன்றும் அழகாகிவிடவில்லை, ஆனால் நடை நின்றது. தவிப்பையும் தூக்கமின்மையையும், “அது கிடக்கட்டும், மனச்சோர்வு போனால் தானாகப் போகும்” என்று விடாதீர்கள். தனியாகச் சொல்லி மருந்து கேளுங்கள். சாராயத்தைத் தூக்க மருந்தாக்கிக்கொள்பவர்களை எங்கள் பக்கத்தில் நிறையப் பார்க்கிறேன். குடி மனச்சோர்வையும் ஆழமாக்கும், கையைத் தடுக்கும் நிதானத்தையும் எடுத்துவிடும்.

உளவியலாளர் என்னிடம், “இனி அப்படிச் செய்யமாட்டேன்” என்று சத்தியம் வாங்கவில்லை. அப்படி வாங்கும் வாக்குறுதிகள் காப்பாற்றுகின்றன என்பதற்கு ஆதாரம் இல்லையாம். அதற்குப் பதிலாக என்னோடு உட்கார்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதினார். அமெரிக்காவில் பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரவுன் என்ற இருவர் உருவாக்கிய முறை. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த முன்னாள் ராணுவத்தினருக்கு இந்தத் திட்டத்தை எழுதிக் கொடுத்து, தொலைபேசியில் தொடர்ந்து விசாரித்தபோது, அடுத்த 6 மாதங்களில் தற்கொலை சார்ந்த நடத்தை 45 சதவீதம் குறைவாக இருந்தது என்று 2018-இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

என் திட்டம் ஒரு பக்கத் தாள். முதல் வரி என் எச்சரிக்கை அடையாளங்கள்: இரவில் வீட்டுச் செலவை மனத்தில் கூட்டத் தொடங்குவது, தொலைபேசியை எடுக்காமல் விடுவது, சவரம் செய்யாதது. அடுத்தது நானாகச் செய்யக்கூடியவை: குளிர்ந்த தண்ணீரில் குளிப்பது, சஞ்சீவி மலை அடிவாரம்வரை நடப்பது. மூன்றாவது, இதைப் பற்றிப் பேசாமலே கொஞ்ச நேரம் மனிதர்களோடு இருக்கக்கூடிய இடம்: பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை, அங்கே மாம்பழ விலையும் அரசியலும் தவிர வேறு பேச்சு கிடையாது. நான்காவது, வெளிப்படையாகச் சொல்லக்கூடியவர்கள்: மதினி, மனைவி. மனைவியை இரண்டாவதாக எழுதியதில் அவருக்கு வருத்தம் இல்லை என்றுதான் சொன்னார். ஐந்தாவது, மருத்துவரின் எண்ணும் 14416-உம். ஆறாவது, வீட்டில் எவையெல்லாம் பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்ற குறிப்பு. வேறொருவரின் திட்டத்தை நகலெடுத்தால் பயன் இல்லை. குறுகிப்போன மனம் எதையும் யோசித்துக் கண்டுபிடிக்காது; தெளிந்திருந்த நாளில் தன் கையால் எழுதியதைப் படித்துச் செய்வது மட்டும் அதற்கு முடியும். அந்தத் தாள் ஆலை அடையாள அட்டையின் உறைக்குள் இருக்கிறது. அதன் படம் ஒன்று மனைவியின் செல்போனில் இருக்கிறது.

கடந்த ஆண்டு முதல் வரியில் உள்ள மூன்று அடையாளங்களும் ஒருசேர வந்தன. ஆடிட் வேலை நெருக்கிய மாதம். சவரம் செய்யாததை மகள்தான் முதலில் கவனித்துச் சொன்னாள். மருத்துவரிடம் போனோம், மாத்திரையின் அளவைக் கூட்டினார், சில வாரங்களில் நிதானம் திரும்பியது. எண்ணம் வந்தது, கணக்கு விடைவரை போகவில்லை. நோய் முற்றிலும் அகன்றுவிட்டது என்று நான் சொல்லிக்கொள்வதில்லை. நன்றாக இருக்கிறது என்று மாத்திரையை நானாக நிறுத்துவதும் இல்லை. நிறுத்துவதானால் படிப்படியாக, மருத்துவர் சொல்லும் வேகத்தில்.

வீட்டாருக்கு ஒன்று. 14416-ஐ நோயாளிதான் அழைக்க வேண்டும் என்பதில்லை. என் மனைவி ஒருநாள் பள்ளி ஓய்வறையில் இருந்தபடி தனக்காக அழைத்திருக்கிறார். இரவெல்லாம் என்னைக் கவனித்துப் பகலில் வகுப்பெடுக்க முடியவில்லை, தூங்கினால் ஏதாவது நடந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்று அழுதாராம். இரவுகளை வேறு ஒருவரோடு பங்கிட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து வாரத்தில் சில இரவுகள் அண்ணன் எங்கள் கூடத்தில் வந்து படுத்துக்கொண்டார். தெருவில் கேட்டவர்களிடம், தன் வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள், சுண்ணாம்பு வாடை தாங்கவில்லை என்று சொல்லிவந்தார். அண்ணன் வீட்டில் அந்த வெள்ளையடிப்பு அடுத்த பொங்கல்வரை முடியவே இல்லை.